பாஸ்போர்ட் அளவுப் படத்தைச் சூப்பர் ரெசல்யூஷன் மூலம் பெரிதாக்கும் முறை

மறைந்த ஒருவரின் நினைவாக வீட்டில் எஞ்சியிருப்பது ஒரு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் மட்டுமே என்றால், அதை 8க்கு 10 அங்குலத்தில் அச்சிட்டுச் சட்டமிட, சிறிய படத்தைத் தெளிவு குறையாமல் பெரிதாக்க முயலும் சூப்பர் ரெசல்யூஷன் நுட்பம் உதவும்.

அச்சுப்படம் கையில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் வந்த நகலைக் கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது. சுருக்கப்பட்ட கோப்பில் படியும் கட்டம் கட்டமான சிதைவுகளையும் மென்பொருள் தோலின் தன்மையாக எடுத்துக்கொண்டு தீட்டிவிடக்கூடும். படத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்து, தரம் இழக்காமல் சேமிக்கும் பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கவும். 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் படம் அப்போது ஏறத்தாழ 827க்கு 1063 பிக்சல் தரும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அச்சுக் கணக்கில் தேவைப்படுவதோ 2400க்கு 3000. தூசி, கீறல், முத்திரைத் தடம் ஆகியவற்றைப் பெரிதாக்கும் முன்பே கிம்ப் போன்ற படத் திருத்த மென்பொருளில் நீக்கிவிட வேண்டும்.

வழக்கமான பைக்யூபிக் முறை அண்டைப் பிக்சல்களிலிருந்து இடைமதிப்பைக் கணக்கிட்டு நிரப்புவதால், படம் வளர்ந்தாலும் மங்கலாகவே இருக்கும். 2014இல் வந்த எஸ்ஆர்சிஎன்என் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி தொடங்கி, தெளிவான படங்களையும் அவற்றின் தரம் குறைந்த வடிவங்களையும் இணையாகக் காட்டிப் பயிற்றுவிக்கப்பட்ட நரம்பு வலையமைப்புகள் இந்த வேலையைச் செய்கின்றன. 2021இல் வெளியான ரியல்-ஈஎஸ்ஆர்கான் என்ற மாதிரி, மங்கல், இரைச்சல், ஜேபெக் சுருக்கச் சிதைவு ஆகியவற்றைச் செயற்கையாகக் கலந்து பயிற்றுவிக்கப்பட்டதால் பழைய படங்களுக்கு நன்கு பொருந்தும். அப்ஸ்கேல் என்னும் இலவசச் செயலியில், அதனடிப்படையிலான மாதிரியைத் தேர்ந்து, நான்கு மடங்கு என அமைத்து இயக்கினால் போதும். கிராபிக்ஸ் நினைவகம் போதாமல் செயலி நின்றுவிட்டால் டைல் அளவை, அதாவது படத்தைப் பிரித்துச் செயலாக்கும் துண்டின் அளவை, குறைக்கவும்.

வெளிவரும் படத்தின் பளபளப்பில் மயங்கிவிடக் கூடாது. நீளத்திலும் அகலத்திலும் நான்கு மடங்கு என்றால் மொத்தம் பதினாறு மடங்கு; அதாவது, பதினாறு பிக்சல்களுக்குப் பதினைந்து, மென்பொருள் ஊகித்து இட்டவை. அந்த ஊகம் எவ்வளவு தவறலாம் என்பதை 2020இல் மங்கிய முகப்படங்களைத் தெளிவாக்கும் பல்ஸ் என்ற கருவி காட்டியது: பராக் ஒபாமாவின் பிக்சல் சிதைந்த படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் திருப்பித் தந்தது. ஆகவே, ஜிஎஃப்பிகான் போன்ற முகச் சீரமைப்புக் கருவிகளை நாம் நன்கறிந்த முகங்களில் தவிர்ப்பதே என் பரிந்துரை. கண் திருத்தமாக அமையும், ஆனால் அது அவருடைய கண்ணாக இராது.

மூலத்தையும் முடிவையும் அருகருகே வைத்து, இமை, பல்வரிசை, மூக்குத்தி, சேலைக் கரை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கவும். பின்னணியில் தமிழ் எழுத்து இருந்தால் புள்ளிகளைத் தேடுங்கள். தூசி எனக் கருதப்பட்டு அவை மறைந்திருக்கலாம். ஐயம் எழும் இடங்களில், பைக்யூபிக் முறையில் அதே அளவுக்குப் பெரிதாக்கிய மூலத்தைக் கிம்பில் கீழ் லேயராக (அடுக்காக) வைத்து, முடிவுப் படம் உள்ள மேல் லேயரின் ஒளிபுகாமையை 60 முதல் 70 சதவீதமாகக் குறைத்தால், மெழுகு பூசியது போன்ற தோற்றம் தணிந்து, பழைய படத்துக்குரிய மணித்தன்மை (நுண்புள்ளித் தோற்றம்) ஓரளவு திரும்பும். பிறகு 8க்கு 10 விகிதத்துக்கு வெட்டி, 2400க்கு 3000 பிக்சலாகச் சுருக்கி, மேட் தாளில் அச்சிடக் கொடுக்கலாம்.