பதில் உங்களுடையதுதான், ஆனாலும் ஏஐ என்று சந்தேகப்படுகிறார்கள்: ஆன்லைன் இன்டர்வியூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களாக நான் இன்டர்வியூ எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒரு ஆன்லைன் இன்டர்வியூ மட்டும் இன்னும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேள்வி கேட்டதும், வேலைக்கு விண்ணப்பித்திருந்த அந்தப் பெண் ஓரிரு விநாடி பேசாமல் இருப்பார், கண் வலது பக்க ஓரத்துக்குப் போகும், அப்புறம் தடங்கலே இல்லாமல் பதில் கடகடவென்று வரும். இரண்டாவது கேள்வி முடிவதற்குள் நானும் கூட இருந்தவரும் சாட்டில் "ஏஐ பார்த்துப் படிக்கிறார் போல" என்று எழுதிக்கொண்டோம். முடிவும் அதன்படியே போனது. ஏன் எடுக்கவில்லை என்று அவர் பொறுமையாக மெயில் போட்டுக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கேமரா இருந்தது லேப்டாப்பில், எங்கள் முகம் தெரிந்த ஜன்னல் பக்கத்தில் இருந்த பெரிய மானிட்டரில். ப்ளூடூத் ஹெட்செட்டில் எங்கள் குரல் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறகு நேரில் வரச் சொன்னோம், வந்தார், போர்டில் எழுதி அதே சரளத்தோடு எல்லாவற்றையும் விளக்கினார். ஆனால் அந்த இடத்துக்கு அதற்குள் வேறொருவர் சேர்ந்துவிட்டார்.

ஏமாற்றாமலேயே மாட்டிக்கொள்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிஜமாகவே ஏஐயை ஒளித்து வைத்துப் படிப்பவர்களுக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை, செய்யாதீர்கள் என்பதைத் தவிர.

எதிரே இருப்பவர்கள் இவ்வளவு உஷாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் இன்டர்வியூ கோடர் என்ற கருவி பெரிதாகப் பேசப்பட்டது. ஸ்க்ரீன் ஷேர் செய்தாலும் எதிரே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் பதிலைக் காட்டும் என்பதே அதன் விளம்பரம். அதே வருடம் ஜூனில் கூகுள் தலைமை அதிகாரி சுந்தர் பிச்சை, குறைந்தது ஒரு ரவுண்டாவது நேரில் நடத்தப்போவதாகச் சொன்னார். சரி, ஏஐயைக் கண்டுபிடிக்கத்தான் கருவி இருக்கிறதே என்று கேட்பீர்கள். நம்பும்படி இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயே அப்படி ஒன்றை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதிலும் 9 சதவீதத்தை ஏஐ என்று சொன்னது. துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆக, உங்களைத் தீர்மானிப்பது எதிரே இருப்பவரின் ஊகம். அந்த ஊகம் உங்கள் சின்னச் சின்னப் பழக்கங்களிலிருந்துதான் பிறக்கிறது.

முதல் தவறு கண்ணில் ஆரம்பிக்கிறது. கேமரா ஓரிடத்தில், நீங்கள் பார்க்கும் முகம் வேறிடத்தில் என்று இருந்தால், நீங்கள் எவ்வளவு மரியாதையாக அவரையே பார்த்துப் பேசினாலும் அவருக்கு அது எங்கோ பார்த்துப் படிப்பதாகத்தான் தெரியும். வீடியோ ஜன்னலைச் சின்னதாக்கி நேராகக் கேமராவுக்குக் கீழே கொண்டுவந்து வையுங்கள், இரண்டாவது மானிட்டரின் வயரைப் பிடுங்கிவிடுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு கேமராவையே முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். யோசிக்கும்போது எல்லோருமே பார்வையை விலக்குவோம், அப்படி விலக்கினால் ஞாபகப்படுத்துவது எளிதாகிறது என்று 1998-லேயே ஆய்வு வந்திருக்கிறது. யோசிப்பவர் கண் பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். படிப்பவர் கண் இடமிருந்து வலம் போய், மறுபடி இடது பக்கம் தாவி, அடுத்த வரிக்கு இறங்கும். இன்டர்வியூ எடுப்பவர்கள் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

என்விடியா பிராட்காஸ்ட் போன்ற மென்பொருளில் கண் எப்போதும் கேமராவையே பார்ப்பதுபோல் மாற்றிக் காட்டும் வசதி 2023-லிருந்து இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். தலை திரும்பினாலும் கண் திரும்பாமல் இருந்தால் பார்ப்பவருக்கு என்னவோ போல இருக்கும், சொல்லத் தெரியாவிட்டாலும் மனதில் பதிந்துவிடும். அதேபோல் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டச் சொன்னாலோ, பக்கவாட்டில் திரும்பச் சொன்னாலோ, பின்னணி மங்கலை எடுக்கச் சொன்னாலோ கோபப்படாமல் செய்துவிடுங்கள். டீப்ஃபேக் முகத்தோடு, அதாவது ஏஐ உருவாக்கிய போலி முகத்தோடு, வீட்டிலிருந்து செய்யும் வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 ஜூனிலேயே எச்சரித்தது. அந்தப் பயத்தில் எல்லோரையும்தான் கேட்கிறார்கள்.

அடுத்தது, கேள்வியை அப்படியே திருப்பிச் சொல்வது. நேரம் கிடைக்கும் என்று முன்பெல்லாம் பயிற்சி கொடுப்பவர்களே சொல்லிக்கொடுத்த உத்திதான் இது. இப்போது, பக்கத்தில் ஓடும் ஏஐக்குக் கேள்வி சரியாகக் கேட்கட்டும் என்று சொல்கிறாரோ என்று நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நேரம் வேண்டுமென்றால் "ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, கேள்வியிலேயே உங்களுக்கு நிஜமாக இருக்கும் சந்தேகத்தைக் கேட்பது. "ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்?" என்று ஒருவர் கேட்டாலே, மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிடும்.

இப்போது நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கும் தவறு. பதில் ரொம்பவும் சுத்தமாக இருப்பது. "டேட்டாபேஸ் மெதுவானபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், "முதலில் பிரச்சினையின் மூலகாரணத்தை அடையாளம் கண்டோம், இரண்டாவதாக குவெரிகளை மேம்படுத்தினோம், மூன்றாவதாக கேஷிங் கொண்டுவந்தோம்" என்று ஒரு பதில் வரும். ஒரு தப்பும் இல்லை, ஆனால் அதில் ஆளும் இல்லை. அதே அனுபவத்தை இன்னொருவர் இப்படிச் சொன்னார்: "ரிப்போர்ட் பக்கம் திறக்க 40 விநாடி ஆச்சு. நெட்வொர்க்தான் காரணம்னு நினைச்சு அரை நாள் வீணடிச்சேன். அப்புறம் குவெரி எப்படி ஓடுதுன்னு காட்டுற எக்ஸ்பிளெயின் கட்டளையைப் போட்டுப் பார்த்தா, டேபிள் முழுசையும் ஸ்கேன் பண்ணிட்டு இருந்தது. தேதி ஃபீல்டில் இன்டெக்ஸ் இருந்தது, ஆனா குவெரியில் அந்த ஃபீல்டு மேல ஃபங்ஷன் போட்டிருந்ததால அது பயன்படவே இல்லை. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைன்னு மாத்தி எழுதினதும் ரெண்டு விநாடியில வந்துடுச்சு." அந்த வீணாய்ப்போன அரை நாள் இருக்கிறதே, அதைத்தான் நாங்கள் தேடுகிறோம். என்ன தப்பாக நினைத்தீர்கள், யார் உங்கள் யோசனையை ஒத்துக்கொள்ளவில்லை, கடைசிவரை சரியாகாமல் எது மிச்சம் இருந்தது, இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மனப்பாடம் செய்து வருபவர்கள்தான் பாவம், இதில் அதிகம் அடிபடுகிறார்கள். ராத்திரி பகலாக உழைத்துப் பதிலை எழுதி, மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், கேட்பவருக்கு அது ஏஐ பதில் போலவே ஒலிக்கிறது. வாக்கியத்தைத் தயார் செய்யாதீர்கள், சம்பவத்தைத் தயார் செய்யுங்கள். ஐந்தாறு சம்பவங்கள், ஒவ்வொன்றிலும் எண்கள், பெயர்கள், நடந்த வரிசை. வாக்கியம் அந்த நேரத்தில் பிறக்கட்டும், கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை. அடுத்தடுத்துத் தோண்டிக் கேட்கும்போது ஓரிடத்தில் தெரியாமல் போகும். அங்கே "இது தெரியாது, ஆனால் நானாக இருந்தால் இங்கிருந்து தேட ஆரம்பிப்பேன்" என்று சொல்பவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

கம்ப்யூட்டரே காட்டிக்கொடுக்கும் சில விஷயங்களும் உண்டு. உங்கள் காலண்டரோடு இணைந்த நோட்ஸ் எடுக்கும் பாட், இன்டர்வியூவிலும் தானாக வந்து உட்காரும். கோட் எடிட்டரில் ஏஐ ஆட்டோகம்ப்ளீட் அணைக்காமல் இருந்தால், ஃபங்ஷன் பெயரை எழுதியதுமே சாம்பல் நிறத்தில் முழு விடையும் வந்து நிற்கும். ஹேக்கர்ரேங்க் போன்ற கோடிங் தேர்வுத் தளங்களில் டேப் மாற்றியதும் பேஸ்ட் செய்ததும் பதிவாகும். அதனால் வெளியே எழுதிக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள், அங்கேயே டைப் செய்யுங்கள், டேப் மாற்ற வேண்டியிருந்தால் சொல்லிவிட்டு மாற்றுங்கள். பிரவுசரில் புதிதாக ஒரு ப்ரொஃபைல் திறந்து, எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல் சேர்ந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ரெஸ்யூமே, கவர் லெட்டர் பக்கம் வேறு மாதிரி. ஏஐயை வைத்து மெருகேற்றுவதைப் பலர் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் எழுத்தில் ஒரு ஆளும் பேச்சில் வேறொரு ஆளுமாகத் தெரிந்தால் சந்தேகம் ஆரம்பித்துவிடும். ரெஸ்யூமேயில் இருக்கும் எந்த வரியைத் தொட்டாலும் உங்களால் ஐந்து நிமிடம் பேச முடிய வேண்டும், முடியாத வரியை எடுத்துவிடுங்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபெல் தேர்வுக்காக மனிதர்கள் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு ஏஐ டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று அவை சொல்லின. அந்தப் பயத்தில், ஏஐ சாயலை நீக்கித் தருகிறோம் என்று சொல்லும் கருவிகளிடம் போகாதீர்கள், எழுத்து இன்னும் விகாரமாகி வரும். வீட்டில் செய்து அனுப்பும் டாஸ்க் என்றால் வரைவுகளை அழிக்காமல் வையுங்கள், கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் (Git) கருவியில் சின்னச் சின்ன கமிட்டாகப் போடுங்கள். நீங்கள் நடந்து வந்த வழி அதிலேயே தெரியும்.

இன்டர்வியூவுக்கு முன்பு விதியைக் கேட்காமல் இருப்பதும் தவறுதான். கோடிங் ரவுண்டில் ஏஐயை வெளிப்படையாகவே அனுமதிக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன, திறந்தாலே நிராகரிப்பவையும் இருக்கின்றன. "எந்தக் கருவிகளுக்கு அனுமதி, கைக்குறிப்பு வைத்துக்கொள்ளலாமா" என்று இரண்டு வரி மெயில் போட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் "ஏதாவது பார்த்துப் படிக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டால் முகம் சுண்டிப்போகும், கோபம் வரும், புரிகிறது. ஆனால் கேட்கிறார்கள் என்றால் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். "முழு ஸ்க்ரீனையும் ஷேர் செய்கிறேன், கேமராவைத் திருப்பி மேஜையைக் காட்டுகிறேன், இதே விஷயத்தில் வேறு கேள்வி கேளுங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணிடம் நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. நிறைய பேர் கேட்க மாட்டார்கள், மனதுக்குள் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அதனால் வணக்கம் சொன்ன கையோடு நீங்களே சொல்லிவிடுங்கள்: "என் கேமரா மேலே இருக்கு, உங்க முகம் எனக்குக் கொஞ்சம் கீழே தெரியுது. குறிப்பு எழுத ஒரு நோட்டு வெச்சிருக்கேன். ஆடியோ அரை விநாடி லேட்டா வருது, நான் உடனே பேசலைன்னா அதுதான் காரணம்."