டிரம்பெட் வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

காரைக்குடிப் பக்கம் ஆகஸ்ட் 15 அணிவகுப்பு முடிந்ததும் பள்ளி பேண்டில் ஊதும் டிரம்பெட்டைப் பெட்டியில் போட்டு மூடினால், ஜனவரி 26-க்கு எடுக்கும்போது விரலால் அழுத்தும் வால்வு அசையாது. உள்ளே தங்கிய எச்சில் காய்ந்து பிடித்திருக்கும். வாசித்து முடித்ததுமே, குழாய் வளைவில் உள்ள ஸ்பிரிங் மூடியைத் திறந்து, சத்தம் எழாமல் ஊதி ஈரத்தை வெளியேற்றப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

வாரம் ஒருமுறை வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துவைத்துத் துவைத்து மெத்தென்றான கண்டாங்கிச் சேலைத் துண்டால் துடைத்து, வால்வு ஆயில் 3 சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். வால்வில் 1, 2, 3 என்று எண் இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் காற்று சரியாகப் போகாது. (உடைந்துவிட்டதென்று பயந்துவிடுவார்கள்!) வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் சிக்கினால் குறடு கூடவே கூடாது, குழாய் முறுக்கிக்கொள்ளும்.

பேண்டில் உள்ள டிரம்மின் தோலை இறுக்கும்போது எதிரெதிர்த் திருகாணிகளை அரைச் சுற்றாகத் திருகுங்கள்.