மாதிரி ரயில் பாதைக்கு அடித்தளம்: டர்பன் ஈரக்காற்றுக்கு எது பொருந்தும்?

மாதிரி ரயில் வந்த அட்டைப்பெட்டியைத் திறந்த கையோடு தண்டவாளத்தைப் பலகையில் ஆணியடித்துவிடத் தோன்றும். ரயில் ஓடவும் செய்யும். ஆனால் பலகை முழுவதும் அதிர்ந்து இரையும். பாதையும் தரையோடு தரையாகக் கிடக்கும். உண்மையான ரயில் பாதை சரளைக்கல் மேட்டின் மீது உயர்ந்து நிற்பது. டர்பனில் முதல் ரயில் 1860 ஜூன் 26 அன்று ஓடியது. அதே ஆண்டு நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம் மக்களோடு வந்து சேர்ந்தது. பின்னர் நேட்டால் அரசு ரயில்வேயில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர் பாதை வேலையில் உழைத்தார்கள். அவர்கள் கொட்டி இறுக்கிய அந்த மேட்டைச் சின்ன அளவிலும் ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

முதல் படி: பலகை

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளில் பெரும்பாலும் கார் ஷெட்டில்தான் இதற்கு இடம் கிடைக்கும். கோடையில் அங்கே ஈரக்காற்று சுவரிலேயே படியும். மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஓரத்தில் ஈரம் குடித்து உப்பும். ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. பிளைவுட் வாங்கி, மேலும் கீழும் ஓரங்களிலும் பெயின்ட் அடித்துவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் காற்று வறண்டது. அங்குள்ளவர்கள் இதற்கு இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: பொருள்

பலகைக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் வரும் அடித்தளத்துக்கு மூன்று வேலைகள்: பாதையை உயர்த்துவது, இரைச்சலைத் தணிப்பது, சமமாக இருப்பது. இவை மூன்றையும் ஓரளவு நன்றாகச் செய்வது கார்க். உண்மை ரயிலில் 87-ல் ஒரு பங்கான 1:87 அளவுக்கு 5 மி.மீ., 1:160 அளவுக்கு 3 மி.மீ. கனம் வழக்கம். ஓரம் சரிவாக வெட்டிய பட்டைகள் மாதிரி ரயில் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அறிவிப்புப் பலகைக்கு விற்கும் கார்க் சுருளை வாங்கி நீங்களே கீறிக்கொள்ளலாம். ஓரத்தை மட்டும் கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெட்ட வேண்டும்.

ஃபோம் பட்டை மலிவு, சத்தமும் குறைவு. ஆனால் அது மிருதுவானது. அதன் மேல் ஆணியைக் கொஞ்சம் அழுத்தி அடித்தால் தண்டவாளங்களைத் தாங்கும் குறுக்குக்கட்டையான சிலீப்பரின் நடுப்பகுதி குழிந்து இரண்டு தண்டவாளங்களும் உள்நோக்கிச் சாயும், 1:87 அளவில் 16.5 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி குறுகும். வண்டி அந்த இடத்தில் தடம் புரளும். தொடக்கக்காரர்கள் என்ஜினைக் குறை சொல்லும் பல சமயங்களில் குற்றவாளி இந்த ஆணிதான். ஃபோமைத் தேர்ந்தெடுத்தால் ஆணியை விட்டுப் பசையால் மட்டும் ஒட்டுங்கள். லேமினேட் தரைக்கு அடியில் விரிக்கும் மெல்லிய ஃபோம் இன்னும் தொய்வானது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இடையில் ஒரு செய்தி: நம் தென்னாப்பிரிக்க ரயில் பாதையின் அகலம் 1067 மி.மீ. 1:87 அளவில் அது ஏறத்தாழ 12.3 மி.மீ.தான் வர வேண்டும். தென்னாப்பிரிக்க என்ஜின் மாதிரியை 16.5 மி.மீ. பாதையில் ஓட்டும்போது பாதை சற்று அகன்று தெரிவது அதனால்தான்.

மூன்றாம் படி: சோதனை

எல்லாவற்றையும் வாங்கிக் குவிப்பதற்கு முன் பிளைவுட் துண்டில் கார்க், ஃபோம், வெறும் பலகை மூன்றிலும் சிறு தண்டவாளத் துண்டுகளைப் பொருத்துங்கள். ஒரு வேகனைக் கையால் தள்ளி, பலகையில் காதை வைத்துக் கேளுங்கள். உங்கள் பலகைக்கும் உங்கள் அறைக்கும் எது பொருந்தும் என்பதை உங்கள் காதே சொல்லிவிடும்.

நான்காம் படி: ஒட்டுதல்

பாதையின் நடுக்கோட்டைப் பென்சிலால் வரையுங்கள். கார்க் பட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, நேர் ஓரம் கோட்டைத் தொட, சரிவு வெளிப்பக்கம் பார்க்க, ஒவ்வொரு பாதியாக ஒட்டுங்கள். வளைவில் ஒரு பாதி எளிதாக வளையும். முழுப் பட்டை முரண்டு பிடிக்கும். இரு பாதிகளின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வரக் கூடாது. வெள்ளை மரப்பசையை மெல்லியதாகத் தடவி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுவதும் விடுங்கள். மழை நாளில் இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். பாதை பிரியும் பாயிண்ட் இடங்களில் துண்டுகளை ஒட்டுப்போடாமல் கார்க் தாளில் அதன் வடிவத்தை வரைந்து ஒரே துண்டாக வெட்டுங்கள்.

காய்ந்ததும் மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் மேற்பரப்பைத் தேயுங்கள். விரலால் தடவும்போது தட்டுப்படும் மேடு, சக்கரத்துக்கும் தட்டுப்படும்.

ஐந்தாம் படி: சரளை

தண்டவாளத்தை ஒட்டிய பின் சரளையைத் தூவி, சமபங்கு தண்ணீர் கலந்த மரப்பசையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுச் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தப் பசை கல்லைப் போல் இறுகும். சரளை கார்க்கின் சரிவைத் தாண்டிப் பலகையிலும் பரவி ஒட்டிக்கொண்டால், கார்க் அடக்கிய இரைச்சல் அந்த வழியாகத் திரும்பி வந்துவிடும். சரிவின் அடியோடு சரளையை நிறுத்துங்கள். இரைச்சல் பொறுக்காதவர்கள், காய்ந்த பிறகும் நெகிழ்ந்திருக்கும் லேடெக்ஸ் பசையைப் பயன்படுத்தலாம். பாயிண்டின் அசையும் பகுதியில் மட்டும் பசையே படக் கூடாது. அங்கே தூவிய சரளையைத் தூரிகையால் விலக்கிய பிறகே சொட்டு மருந்துக் குழாயைக் கையில் எடுங்கள்.