ரத்தக்குழாயில் சுண்ணாம்பு இறுகியிருக்கிறதா? ஸ்டென்டுக்கு முன்னால் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வருடம் பெரியப்பாவுக்கு ஆஞ்சியோ எடுத்தபோது டாக்டர் கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) வாசலுக்கு வந்து, "அடைப்பில் கால்சியம் கெட்டியா இருக்கு, ஷாக்வேவ் பண்ணிட்டுத்தான் ஸ்டென்ட் வைக்கணும்" என்றார். (ஸ்டென்ட் என்பது அடைப்பை விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழாய்.) அண்ணன் பதறிப்போய், "ஹார்ட்டுக்கு கரண்ட் ஷாக்கா சார்?" என்று கேட்டான். சிரிக்க வேண்டாம், அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அது கரண்ட் ஷாக் இல்லை. சிறுநீரகக் கல்லை அலைகளால் உடைக்கிறார்களே, 1980-இல் மியூனிக்கில் முதன்முதலாக மனிதர்களுக்குச் செய்தார்களே, அதே தத்துவம்தான். அங்கே அலை வெளியிலிருந்து வரும். இங்கே மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ ஒரு சின்ன பலூனை அடைப்பு வரைக்கும் கொண்டுபோய், அதற்குள் இருக்கும் திரவத்தில் நுண்ணிய பொறியை உண்டாக்குகிறார்கள். அதில் குமிழி கிளம்பி அழுத்த அலை பரவுகிறது. மெத்தென்ற திசு அந்த அலைக்கு வழிவிட்டுவிடும், இறுகிய கால்சியம் விரிசல் விடும். நொடிக்கு ஒன்றாகப் பத்து அலை, பலூனைச் சுருக்கி ரத்தம் ஓட விட்டு, மறுபடி பத்து. அந்த நேரத்தில் இதயம் சில துடிப்புகள் தாளம் மாறித் துடிக்கலாம், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு தப்புக்கணக்கு, நம்ம ஊர் போர் தண்ணீர் உப்பு பைப்புக்குள் படிவதுபோல இதையும் நினைத்துக்கொள்வது. அப்படி நினைத்தால் அடுத்த பயம் தானாக வந்துவிடும்: "உடைச்ச தூள் ரத்தத்தில் போய் வேறெங்காவது அடைச்சுக்காதா?" கால்சியம் குழாயின் உள்பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, சுவருக்குள்ளேயே இறுகிப்போயிருக்கிறது. விரிசல் விட்டபின்பும் அது அங்கேயேதான் இருக்கும், ஆனால் சுவர் விரிந்து கொடுக்கும். அந்த நெகிழ்வுதான் வேண்டும், சுரண்டி வெளியே எடுப்பதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு அவசரம். "எப்படியாவது ஸ்டென்டை வெச்சிடுங்க சார், சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று நாமே நெருக்குவோம். கல்லாக இறுகிய இடத்தில் ஸ்டென்ட் பாதிதான் விரியும், அரைகுறையாக விரிந்த ஸ்டென்டில் ரத்தம் உறையவோ அதே இடம் மறுபடி சுருங்கவோ வாய்ப்பு அதிகம், பிடிக்கவில்லை என்று கழற்றி எடுக்கிற சமாச்சாரமும் இல்லை இது. பலூனில் அழுத்தத்தை ஏற்றி விரித்துவிடலாமே என்றால், பலூன் மெத்தென்ற பக்கம் உப்பும், கல் பக்கம் அசையாது, சில சமயம் குழாய் கிழியும். ஷாக்வேவ் பலூனை சுமார் 4 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் மெல்ல ஊதிவைத்தே வேலையை முடிக்கிறார்கள். உடைக்கும் வேலை அலையுடையது.

சாதாரண ஆஞ்சியோ படத்தில் கால்சியம் இருக்கிற அளவுக்குத் தெரியாது. குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் ஐவஸ் (ஒலி அலையால் பார்ப்பது) அல்லது ஓசிடி (ஒளியால் பார்ப்பது) பரிசோதனையில்தான் வட்டத்தில் பாதிக்கு மேல் சுற்றியிருக்கிறதா, அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமனா (இதை ஓசிடிதான் சரியாகக் காட்டும்), 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளமா என்பது பிடிபடும். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உள்ளே விட்டுப் பார்த்தீங்களா, எவ்வளவு இருக்கு?" சிறுநீரகக் கோளாறு இருந்தால் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள், ஓசிடிக்குக் கூடுதலாக டை (படத்தில் குழாய் தெரிவதற்கான மருந்து) செலுத்த வேண்டியிருக்கும், அது சிறுநீரகத்துக்குச் சுமை.

இதற்கு நேரெதிரான ஆட்களும் உண்டு. புது டெக்னாலஜி என்று கேள்விப்பட்டு, மெத்தென்ற அடைப்புக்கும் இதையே செய்யச் சொல்கிறவர்கள். தேவையே இல்லை. பலூன் நுழையவே இடமில்லாத அடைப்பென்றால் வைரத்துகள் பதித்த ரோட்டாப்ளேட்டரால் முதலில் அரைத்து வழி உண்டாக்க வேண்டியிருக்கலாம். எது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

பணத்தைப் பற்றிக் கேத் லேப் வாசலில் பேசாதீர்கள், அதாவது அதுவரை தள்ளிப்போடாதீர்கள். எங்களிடம் முதல் நாள் ஸ்டென்ட் பேக்கேஜ் தொகையை மட்டும் சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம், மறுநாள் ஆளை மேஜையில் படுக்கவைத்துவிட்டுத்தான் புது எஸ்டிமேட் வந்தது. ஸ்டென்டுக்கு 2017-இல் மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்தது, அது ஸ்டென்டுக்குத்தான்; இந்த பலூன் தனிக் கணக்கு. பில்லில் ஐவிஎல் என்று எழுதியிருப்பார்கள், அதுவும் ஷாக்வேவும் ஒன்றுதான்; ஐவிஎல் சிகிச்சையின் பெயர், ஷாக்வேவ் என்பது கம்பெனி பெயர். முதல்வர் காப்பீட்டு அட்டையோ தனியார் பாலிசியோ, கால்சியம் இருந்தால் ஐவிஎல்லுக்கு அனுமதி உண்டா என்று அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் நடந்த கூத்து வேறு. கால்சியம் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து பெரியம்மா பாலையும் கேழ்வரகுக் கஞ்சியையும் நிறுத்திவிட்டார். குழாயில் படிந்தது கஞ்சியால் வந்ததில்லை. வயது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகை, சிறுநீரக நோய் எல்லாம் சேர்ந்து பல வருடமாகக் கட்டிய சுவர் அது. கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை கால்சியம் ஸ்கோரை (இதயக் குழாய்களில் எவ்வளவு கால்சியம் என்று ஸ்கேனில் வரும் எண்ணை) ஏற்றும் என்று எங்கோ படித்துவிட்டு அதை நிறுத்துவது இன்னும் மோசம். ஸ்கோர் கொஞ்சம் ஏறினாலும் மாரடைப்பு ஆபத்தை அது குறைக்கிறது.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் இரண்டு மாத்திரைகள், ஆஸ்பிரினும் கூடவே க்ளோபிடோக்ரெலோ டிகாக்ரெலரோ, பொதுவாக ஆறு மாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கு ஒரு வருடம். நடுவில் பெரியப்பாவுக்குப் பல்வலி. பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தானாகவே இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். நல்லவேளை, பல் டாக்டர் விஷயத்தைக் கேட்டதும் கார்டியாலஜிஸ்ட்டுக்கு போன் போட்டார். மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, அதை நிறுத்தாமலேயே பல்லைப் பிடுங்கினார்கள். அரைமணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.