கோடைத் திருமணத்துக்கு மொட்டு மல்லிகை

சித்திரை, வைகாசியில் ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் கல்யாணம் என்றால் செவ்வந்தியை விட்டுவிட்டு மாலைக்கும் தலைக்கும் மல்லிகையையே சொல்லிவையுங்கள். மேடைக்கு வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் தாராளம். மார்கழிப் பனியில் சுருங்கும் மல்லிகை வரத்து கோடையில் பெருகுவதால் விலை இறங்கும். வாடாமல்லியின் இதழோ காகிதம்போல உலர்ந்தது. கடற்காற்று அதை ஒன்றும் செய்யாது.

காலையில் பறித்த, நுனி இறுகிய வெள்ளை மொட்டாகப் பார்த்து வாங்கி, ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். மாலை வரவேற்பு நேரத்தில் விரியும். பச்சை மொட்டு வேண்டாம், அது விரியவே விரியாது.

அதிகாலை முகூர்த்தத்துக்கு இது சரிவராது. முந்தின நாள் மொட்டு இரவே மலர்ந்து விடிவதற்குள் பழுத்துவிடும். பெரிய முகூர்த்த நாட்களில் கோடையிலும் விலை ஏறத்தான் செய்யும்.