வரிசைக்குள் இருக்கும் தற்காப்பு: விடுமுறையில் சிலம்பம் கற்க வருவோருக்கு

விடுமுறைக்குத் தமிழ்நாடு வரும் குடும்பங்கள் பல, பிள்ளைகளைச் சிலம்ப வகுப்பில் சேர்த்துவிடுகின்றன. மூன்று வாரத்தில் பிள்ளை அழகாகக் கம்பு சுற்றுகிறது. ஆனால் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வதென்று அதற்குத் தெரிவதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. விடை அந்தப் பிள்ளை கற்ற வரிசைக்குள்ளேயே, அதாவது தொடர்ச்சியாகச் செய்து பழகும் அசைவுகளுக்குள்ளேயே, இருக்கிறது. கேட்டால்தான் ஆசான் பிரித்துக் காட்டுவார்.

வகுப்பைத் தேடும்போதே நோக்கத்தைச் சொல்லிவிடுங்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இன்று பல வகுப்புகள் போட்டியை மனத்தில் வைத்தே நடக்கின்றன. அதில் குறையில்லை, ஆனால் உங்கள் தேவை வேறு. குத்துவரிசை, அதாவது வெறுங்கை முறை, உண்டா என்று கேளுங்கள். பிடிகளும் பூட்டுகளும், அவற்றிலிருந்து விடுபடும் வழிகளும் சொல்லித் தருவார்களா என்றும் கேளுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் சொந்தம் இருந்தால் அங்கே அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைக் கற்பிக்கும் ஆசான்களை விசாரியுங்கள்.

சேர்ந்த முதல் வாரம் காலடியில்தான், அதாவது கால்களை மாற்றி வைக்கும் பயிற்சியில்தான், போகும். கம்பைக் கையில் தரவில்லையே என்று பிள்ளை சலித்துக்கொள்ளும், நீங்கள் அவசரப்படுத்தாதீர்கள். அடி விழும் கோட்டிலிருந்து உடம்பை விலக்குவது கால்தான்.

என் மகளுக்கு ஆசான் காட்டியதைச் சொல்கிறேன். அவள் ஒரு வீச்சைச் செய்துகொண்டிருந்தாள். ஆசான் கம்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். "இப்போது அதே வீச்சைச் செய் கண்ணு" என்றார். அவள் கையை நேராகப் பின்னால் இழுத்தாள், அசையவில்லை. "இழுக்காதே. காலை மாற்று, மணிக்கட்டைத் திருப்பு." பக்கவாட்டில் ஓர் அடி வைத்து, அவருடைய கட்டைவிரல் இருக்கும் பக்கமாகக் கையைத் திருப்பினாள். பிடி கழன்றது. நான்கு விரல் ஒருபுறம் இருக்க, கட்டைவிரல் மட்டும் தனியாக நிற்கும் அந்த இடைவெளிதான் பிடியின் பலவீனம். பிறகு இருபது முறை, இரண்டு கையிலும், ஒவ்வொரு முறையும் பிடியை இறுக்கிக்கொண்டே போனார்.

இப்படி வாரத்துக்கு ஓர் அசைவைப் பிரித்துக் கற்றால் போதும். "ஆசானே, இந்த அடி எதற்கு?" என்று பயிற்சி முடிந்தபின் பணிவாகக் கேளுங்கள், வரிசை நடுவே நிறுத்திக் கேட்பது முறையல்ல. பதிலை அன்றிரவே எழுதி வையுங்கள். காணொளி எடுப்பதானால் அனுமதி வாங்குங்கள்.

வர்மம் பற்றி ஓர் எச்சரிக்கை. உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைப் பற்றிய, அடியோடு மருத்துவமும் சேர்ந்த வித்தை அது, பல ஆண்டு பழகிய மாணவருக்கே கொடுப்பார்கள். இரண்டு வாரத்தில் வர்மம் கற்றுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

ஊர் திரும்பும்போது கம்பை விமானத்துக்குள் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள். சரக்குப் பெட்டியோடு அனுப்ப விமான நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள். மான்கொம்பு என்னும் ஆயுதத்தை அசல் கொம்பில் செய்து யார் விற்றாலும் வாங்காதீர்கள், 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நெற்றி உயரத்துக்கு ஒரு பிரம்பு நீங்கள் வாழும் ஊரிலேயே கிடைத்தால் அதுவே போதும். கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு காலடியை நாள்தோறும் பத்து நிமிடம் பழகச் சொல்லுங்கள். அடுத்த விடுமுறையில் ஆசான் முதலில் பார்ப்பது அதைத்தான்.