புது வீட்டுச் சுவரில் மயிரிழை விரிசலா?

புது வீட்டுக்குக் குடிவந்த சில மாதங்களில் சுவரில் மயிரிழையாய் விரிசல் ஓடினால் பதற வேண்டாம். சிமெண்ட் பூச்சு காயும்போது சுருங்கும். பெரும்பாலும் அதனால் வருவதுதான். உடனே மூடாதீர்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் போகட்டும், வர வேண்டியது பெரும்பாலும் வந்துவிடும்.

பிறகு பட்டி (சுவரைச் சமப்படுத்தத் தடவும் பசை, putty) வைக்கும் தகட்டின் முனையால் விரிசலைக் கீறிக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். (மனசு வராது, ஆனாலும் செய்யுங்கள். மேலாகத் தடவிய பட்டி உள்ளே இறங்காது.) தூசியைத் தட்டி, லேசாக நீர் தெளித்து, சிமெண்ட் பட்டியை மெல்லிசாக இரண்டு முறை வையுங்கள். காய்ந்ததும் உப்புத்தாள், பிரைமர், பெயிண்ட். பிரைமருக்கு முன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள், மேடுபள்ளம் காட்டிக் கொடுத்துவிடும்.

தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்து விரிசலில் வெறும் பட்டி நிற்காது. ஃபைபர் வலை நாடா ஒட்டி அதன்மேல் வைக்க வேண்டும்.

சீலிங்கில் மஞ்சள் கறையா? மேலே இருப்பது குளியலறையா, மொட்டை மாடியா என்று முதலில் பாருங்கள். கசிவை அடைக்காமல் பெயிண்ட் அடிப்பது தண்டச் செலவு. விரிசல் 3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றாலோ, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வளர்ந்துகொண்டே போனாலோ, கூப்பிட வேண்டியது பெயிண்டரை அல்ல, என்ஜினீயரை.